இந்த மரமா தம்பி

ரயில் புறப்பட்டதிலிருந்து மூன்றாவது தடவையாக அண்ணி கேட்டுவிட்டார், இந்த மரமா தம்பி என்று, மூன்றாவது தடவையாக நானும் இல்லை அண்ணி, இன்னும் மேலே போகணும் என்று சொல்லிவிட்டேன், மேலே என்றால் எவ்வளவு மேலே என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏதாவது ஒரு தூரத்தைச் சொல்லி அந்தத் தூரம் வரைக்குமாவது நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். ஜன்னலோர இடம் அவருக்கு. மடியில் துணிப்பை, அதற்குள் தேங்காய், கற்பூரம், வெற்றிலை, கரை போட்ட புது வேட்டி ஒன்று. அண்ணனுக்கு வேட்டி. நாற்பத்தைந்து வருஷம் கழித்து அண்ணனுக்கு வேட்டி எடுத்துக்கொண்டு சயாமுக்கு வந்திருக்கிறார், நான் எரித்த இடத்தில் வைப்பதற்கு. அத்திமரத்தடியில், ஆற்றைப் பார்த்த மேட்டில், தலை வடக்கே வைக்காமல் முறைப்படி வைத்து, மூங்கில் அடுக்கி, மழை விட்ட நேரம் பார்த்து எரித்தேன் என்று நான்தான் சொன்னேன். அத்திமரம் என்று ஏன் சொன்னேன். அன்று தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அண்ணி எதிரே நின்று பேசும்போது கண்ணைப் பார்க்க முடியாமல் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன், அங்கே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு அத்திமரம் நின்றது, வாயில் அதுதான் வந்தது. தேக்கு என்று சொல்லியிருந்தால் இங்கே எந்த மரத்தையும் காட்டியிருக்கலாம், மலை முழுக்கத் தேக்குத்தான். சீ, இப்போதுகூட எது வசதி என்றுதான் யோசிக்கிறேன். தொண்டை காய்கிறது. ஒரு பெண் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே தண்ணீர் விற்றுக்கொண்டு போகிறாள். அண்ணி என்னைப் பார்த்துவிட்டு, "தண்ணி வாங்கிக்க தம்பி, ஒதடு காஞ்சிருக்கு" என்கிறார். வேண்டாம் என்கிறேன்.

காலையில் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வராமல் இருந்திருக்கலாம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டி போட்ட பஸ் பயணம், முப்பத்தாறு பேர், ஹாட்யாய், பேங்காக், காஞ்சனபுரி, எட்டு நாள். எங்கள் இருவருக்கும் பணம் கட்டியது பொன்னாத்தா, அண்ணன் மகள். பள்ளிக்கூடத்தில் பொன்னி என்று சுருக்கிக்கொண்டாள், டீச்சர் வேலைக்குப் போன பிறகும் பொன்னி டீச்சர்தான், நான் மட்டும் பொன்னாத்தா என்பேன், வேறு மாதிரி கூப்பிட வாய் வராது. லீவு கிடைக்கவில்லை என்று அவள் வரவில்லை. பஸ் ஏறும்போது என் சட்டைப் பையில் மாத்திரை எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, அந்த எடத்துல ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க, எங்கப்பாவோட போட்டோதான் எங்கிட்ட இல்ல, எடமாச்சும் இருக்கட்டும்" என்றாள். கல்லறைத் தோட்டத்தில் புல்லைக் கத்தரித்து வைத்திருந்தார்கள், வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள், ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர், வயது, பக்கத்தில் ஒரு பூச்செடி. அண்ணி ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தமிழ் எழுத்தின் சாடை மட்டும் தெரியும், அதைத் தேடினார். கடைசியில் ஹாட்யாயிலிருந்து வந்த வழிகாட்டியிடம் மலாயில் கேட்டார், எங்கள் ஆட்கள் எங்கே என்று. அவன் நல்ல பையன், தொப்பியைக் கழற்றிவிட்டு, "பாட்டி, இங்கே சிப்பாய்கள் மட்டும்தான். கூலிகளுக்கு எண்ணிக்கையே இல்லை, காட்டோடு போனார்கள்" என்றான். அண்ணி நிமிர்ந்து, "எங்க வீட்டுக்காரர் அப்படிப் போகல. என் கொழுந்தன் மொறையா செஞ்சாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். கமிட்டித் தலைவரின் மனைவி லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கும் அப்போது இருபத்திரண்டு.

இருபத்திரண்டு என்றால் சின்ன வயதா என்ன. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மலாயாவில், பேராக்கில் எங்கள் தோட்டத்துக்கு ஜப்பான்காரன் லாரி வந்தது ஒரு மத்தியானம், இலவசப் படம் காட்டுகிறார்கள் என்று டவுனுக்குப் போன ஆண்களையெல்லாம் இந்த ரயில் பாதை போடுவதற்கென்று கொட்டகையிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், அதில் நான். அண்ணன் படம் பார்க்க வரவில்லை. அண்ணி நாலு மாசம், அவர் அண்ணியோடு இருந்தார். செய்தி கேட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார், சட்டைகூடப் போடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் பேரைக் கூப்பிட்டார், வேலாண்டி, வேலாண்டி என்று. நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். கூட்டத்தில் என்னைக் கண்டிருக்க மாட்டார். நான் கையைத் தூக்கி அண்ணே என்று அழுதேன். அவர் காவல் நின்றவனிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். தானாகவே வந்தார். "மூணு மாசம்தானாம், ஒன்னத் தனியா விட்டா அம்மா ஆவி என்னச் சும்மா விடாது" என்று சொல்லிச் சிரித்தார். சரக்கு வண்டியில் அஞ்சு நாள், பிறகு மழையில் நடை, நடை, முழங்கால் வரைக்கும் சேறு. நான் விழுந்த இடத்திலெல்லாம் தூக்கிவிட்டது அவர். என் பங்குக்கு மண் வெட்டியது அவர், எனக்குக் காய்ச்சல் வந்த பதினோரு நாளும் ரெண்டு ஆள் அளவு வெட்டினார், அளவு குறைந்தால் அடிப்பான் என்று. பிறகு காலரா வந்தது. காலையில் பேசினவன் சாயங்காலம் கண் குழிந்து கிடப்பான், கன்னம் ஒட்டி, ஆள் யார் என்றே தெரியாது. அண்ணன் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

"இதுவா தம்பி?" இல்லை அண்ணி. "பாத்துகிட்டே வா. தாண்டிப் போயிடப் போவுது." பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். எனக்கு இங்கே எதுவும் தெரியவில்லை. மரவள்ளித் தோட்டம், கரும்பு, ஒரு பெட்ரோல் ஸ்டேஷன், சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகள். இது எந்த ஊர். நான் அன்று பார்த்த இடத்தில் மழை, மூங்கில், சாணி நாற்றம் மாதிரி ஒரு நாற்றம், காலராக் குடிசைக்குள் நாற்பது பேர் கிடந்தார்கள், உள்ளே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். அண்ணன் தண்ணி கேட்டார். ஆற்றுத் தண்ணி ஆகாது, கொதிக்க வைத்த தண்ணிக்கு வரிசையில் நிற்கணும். இருங்க அண்ணே, கொண்டாறேன் என்று தகரக் குவளையை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்றேன், கிடைத்தது, முக்கால் குவளை. சூடு கையைச் சுட்டது, துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் திடலில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நடக்கக்கூடியவன் எல்லாம் மேலே அடுத்த கேம்புக்கு, இப்போதே. கூப்பிட்டது ஜப்பான்காரன் இல்லை, கூலிகளை மேய்க்க வைத்திருந்த எங்கள் தமிழ்த் தண்டல், கெடா ஊர்க்காரர், குரல் கட்டிப்போய் இருந்தது. "நோயாளியப் பாத்துக்க ஒரு குடிசைக்கு ஒருத்தன் இருக்கலாம், யாராச்சும் இருக்கறீங்களா" என்று கேட்டார். "யாராச்சும் இருக்கறீங்களா" என்று மறுபடியும் கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். எனக்குக் காது கேட்டது. யாராவது என்னிடம் துப்பாக்கியைக் காட்டியிருந்தால் இந்த நாற்பத்தைந்து வருஷமும் அந்தத் துப்பாக்கியைச் சொல்லி அழுதிருப்பேன், யாரும் காட்டவில்லை. குடிசை இருபதே எட்டு வைக்கிற தூரம். இருக்கிறவனும் சாவான் என்று எல்லாருக்கும் தெரியும். நடக்கிறவர்கள் வரிசையில் போய் நின்றேன். நின்ற பிறகு கையில் தண்ணி இருப்பது தெரிந்தது, ஆறிப் போயிருந்தது, குடித்தேன். முழுவதும் குடித்தேன். கடைசிச் சொட்டுக்குக் குவளையைச் சாய்த்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு நடந்தோம். அண்ணன் என்றைக்குச் செத்தார், யார் தூக்கினார்கள், எரித்தார்களா, குழியில் போட்டார்களா, அன்றைக்கேவா, நாலு நாள் கழித்தா, எனக்குத் தெரியாது. ஒருவேளை அவர் நான் வரிசையில் நின்றுகொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்திருப்பார். தண்ணிக்கு வரிசை நீளம் என்று பக்கத்தில் கிடப்பவனிடம் எனக்காகப் பரிந்து பேசியிருப்பார். அப்படிப்பட்ட ஆள்தான் அவர்.

சண்டை முடிந்து நான் திரும்பினபோது பிள்ளைக்கு ரெண்டு வயசு. அப்பா வந்து பேர் வைக்கட்டும் என்று ரெண்டு வருஷமும் பாப்பா என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் லயத்துக்குள் தனியாக நடந்து வந்ததைப் பார்த்ததுமே அண்ணி தெரிந்துகொண்டுவிட்டார், அழுது முடிக்கட்டும் என்று நின்றேன். நிஜத்தில் அன்றைக்குச் செத்துட்டாரு என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் சொல்ல நினைக்கவில்லை. அந்த வார்த்தையே எனக்குத் தெரிந்த வார்த்தை இல்லை, ஊகம்தான். ஆனால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதாச்சும் சொன்னாரா தம்பி" என்றார். சொன்னாரு என்றேன். சொன்னாரு என்ற பிறகு நிறுத்த முடியுமா. என் மடியில் தலை வைத்திருந்தார் என்றேன். பொண்ணாப் பொறந்தா அம்மா பேரு வைக்கச் சொன்னாரு என்றேன், எங்கள் அம்மா பேர் பொன்னாத்தா. "என் பொண்டாட்டி புள்ளைய ஒங்கையில குடுத்துட்டுப் போறேன், நீதான் பாத்துக்கணும்" என்று சொன்னாரு என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது, நிஜமான அழுகை, அதுதான் கேவலம். அப்புறம் மூணு வருஷம் கழித்து மருதப்பன் வந்தான். தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிப் போகும் லாரி டிரைவர், குடி கிடையாது, பெண்சாதியைப் பிரசவத்தில் இழந்தவன். பொன்னாத்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு லாரியைக் காட்டுவான். வீட்டு வாசலில் வந்து நின்று, அண்ணியைக் கட்டிக்கொள்ள முறைப்படி என்னிடம் கேட்டான். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவன் வந்துபோகும் நாட்களில் அண்ணி தலையில் பூ இல்லாவிட்டாலும் முகத்தில் ஒன்று இருந்தது, நான் கவனித்திருந்தேன். அண்ணி உள்ளேயிருந்து, "நீ என்ன சொல்ற தம்பி" என்றார். அது கேள்விதான். என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொன்ன கேள்வி. நான், "அண்ணன் சொல்லிட்டுப் போனத நான் எப்படி மாத்திச் சொல்றது" என்றேன். மருதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்கு ரெண்டாம் வருஷம் நான் கல்யாணம் கட்டிக்கொண்டேன். அண்ணிதான் போய் பெண் பார்த்துவிட்டு வந்தார், என் ரெண்டு பையன்களையும் குளிப்பாட்டி வளர்த்தது அவர்தான்.

மலையை ஒட்டி ரயில் மெதுவாகிறது. இதுதான் பலகைப் பாலம், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கட்டைகளை நட்டுக் கட்டினது, வெள்ளைக்காரப் பயணிகள் எல்லாம் இந்தப் பக்க ஜன்னலுக்கு வந்து கேமராவோடு தொங்குகிறார்கள். கட்டைகள் முனகுகின்றன. கீழே ஆறு, பச்சையாக, சாதுவாக. அண்ணி என் கையைப் பிடித்தார். "தம்பி, அதோ." வளைவுக்கு அப்பால் ஆற்றைப் பார்த்த மேட்டில் ஒரு பெரிய மரம் தனியாக நின்றது. அத்தியா, என்ன மரமோ, இவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. "அதான் தம்பி. எனக்குத் தெரியுது. மேடு, ஆறு, நீ சொன்ன மாதிரியே இருக்கு." அவர் எழுந்து நின்று கும்பிட்டார். லோகேஸ்வரி பார்த்துவிட்டு எழுந்தாள், அவள் சொல்லி எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுந்தார்கள், முப்பது பேர் அந்த மரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், என்னவென்று தெரியாமல் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் தொப்பியை எடுத்துவிட்டார். லோகேஸ்வரி குனிந்து என் காலைத் தொட்டாள். "ஒங்கள மாதிரி ஒரு தம்பி கெடைக்கணும் ஐயா" என்றாள். காலை இழுத்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளத்தான் முடிந்தது. ஒரு வார்த்தை போதும், ஆமாம் அண்ணி, அதுதான், என்று சொன்னால் போதும், வேட்டியை அங்கே பார்த்து வைத்துக் கும்பிட்டு ஊருக்குப் போய்விடலாம், பொன்னாத்தாவுக்குப் போட்டோ கிடைத்துவிடும். வாயைத் திறந்தேன். "அது இல்ல அண்ணி" என்று வந்தது. "அப்ப எது?" "எதுவும் இல்ல. நான் எரிக்கல. உசுரோட விட்டுட்டு வந்துட்டேன்." அவர் முகத்தைச் சுளித்தார். "என்ன தம்பி? சத்தத்துல கேக்கல." அண்ணிக்கு வலது காது மந்தம், நான் உட்கார்ந்திருப்பதும் அந்தப் பக்கம். பாலத்தின் இரைச்சலை நம்பித்தான் சொன்னேனா. கேட்டிருக்காது என்று தெரிந்துதான் சொன்னேனா. ஒண்ணும் இல்லை என்று சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு என் மடியில் வந்து விழுந்து கிடந்தது. பாலம் முடிந்தது, இரைச்சல் அடங்கியது, எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போய், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். தண்டல் ரெண்டு தடவை கேட்டது வரைக்கும். குடிசை இருபது எட்டு என்பது வரைக்கும்.

மரம் அதற்குள் ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தண்ணி கேட்டாரா?" என்றார். கேட்டாரு. "நீ வாங்குனியா?" வாங்குனேன். "யாரு குடிச்சா?" நான்தான் அண்ணி. துணிப்பையின் காதை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். அடி விழும் என்று காத்திருப்பவனைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது, நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. "பேரு?" நான் வச்சதுதான். "ஒங்கையில குடுத்துட்டுப் போறேன்னு சொன்னது?" அதுவும் நான் சொன்னதுதான். ஒரு ஸ்டேஷன் வந்தது, யாரோ அன்னாசி விற்றார்கள், ரயில் கிளம்பியது. இவ்வளவு நேரமும் அவர் அழவில்லை, அழுதால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன், நினைத்ததும் அதற்கும் வெட்கமாக இருந்தது. பிறகு அவர் மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அங்க பயந்துட்ட. உசுரு பயம். சின்ன வயசு. நான் அந்த எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பேனோ, தெரியாது. மருதப்பன் நம்ம வாசல்ல வந்து நின்னப்ப ஒனக்கு என்ன பயம்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக அந்த இருபது எட்டுக்குத்தான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன், இரவெல்லாம் பகலெல்லாம், காலரா, மழை, பசி, ஜப்பான்காரன், எல்லாம் அந்தப் பக்கம் நின்று எனக்காகச் சாட்சி சொல்லும். வாசலுக்குச் சாட்சி யாரும் இல்லை. அங்கே நல்ல வெயில் அடித்தது அன்றைக்கு, வயிறு நிறைந்திருந்தது, கையில் வெற்றிலைகூட இருந்தது.

"அண்ணன் சொன்னதக் காப்பாத்துனவன்ங்கற பேரு போயிடுமேன்னு பயந்தேன் அண்ணி."

"பேரு" என்றார் அவர். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த மரத்தையும் கேட்கவில்லை.

கடைசி ஸ்டேஷனில் இறங்கினோம். தண்டவாளம் இன்னும் கொஞ்ச தூரம் போய், சரளைக் கல்லிலும் புல்லிலும் நின்றுபோகிறது, அதற்கு மேல் இருந்ததையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டார்களாம். அண்ணி லோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நடந்தார். நான் தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். வேட்டியைக் கல்லின் மேல் விரித்தார், தேங்காயை உடைத்தார், கற்பூரம் பகல் வெளிச்சத்தில் எரிகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. ஐயா வரவில்லையா என்று யாரோ கேட்டது எனக்குக் கேட்டது. "அவருக்கு வெயில் ஆகாது" என்றார் அண்ணி. முப்பது பேருக்கு முன்னால் என்னைக் காப்பாற்றிவிட்டார், மருதப்பனை இழந்தவர். ஓடிப்போய், வெயில் இல்லை, விஷயம் இது என்று கத்தலாம் என்று தோன்றியது. தோன்றியது, கால் நகரவில்லை.

எல்லாரும் சாப்பாட்டுக் கடைக்குப் போன பிறகு அவர் தனியாக என்னிடம் வந்தார். வேர்த்திருந்தது, நெற்றியில் விபூதி கரைந்திருந்தது. "பொன்னாத்தாகிட்ட நீயே சொல்லணும். ஊருக்குப் போன அன்னிக்கே. நான் சொல்ல மாட்டேன்."

"சரிங்க அண்ணி."

அவர் போகவில்லை. என் சரி எப்படிப்பட்டது என்று அவருக்கு இப்போது தெரியும். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்தார்.

"என்னன்னு சொல்லுவ? எங்கிட்ட சொல்லிக் காட்டு."

பிளாட்பாரத்தில் ஆளில்லை. இஞ்சினைக் கழற்றி அடுத்த முனைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். பொன்னாத்தா, ஒங்கப்பா மடியில சாகல, என்று ஆரம்பித்தேன்.

"அப்படி ஆரம்பிக்காத" என்றார் அண்ணி. "நீ செஞ்சதுலேருந்து ஆரம்பி."

பொன்னாத்தா, ஒங்கப்பா உசுரோட இருந்தப்ப நான் அவர விட்டுட்டு வந்துட்டேன், என்றேன்.

"ம்" என்றார். "மேல சொல்லு."